தோளில் ஏற்றுமுன்

சிங்கப்பூரில் மலை உண்டா என்று தமிழகத்து நண்பர் ஒருவர் ஒருமுறை என்னை வினவினார். உண்டு என்றேன். புக்கிட் தீமாக் குன்றின் உயரம் 163 மீட்டர். இத்தீவின் இயற்கை நிலத்தில் அதனினும் உயர்ந்த இடம் வேறில்லை. நண்பர் சற்றே கணக்கிட்டுப் பார்த்து, "எங்கள் திருச்சி மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் உங்கள் மலை ஆகிவிடும் போலிருக்கிறதே!" என்றார். மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அவர் கணக்கில் பிழை காண இயலவில்லை.

ஆயினும் ஏதேனுமொரு ஞாயிற்றுக்கிழமை விடியற்போதில் அக்குன்றின் அடிவாரத்தில் நின்று பாருங்கள். முதுகில் பெரும்பை சுமந்து, வியர்வை ஒழுக, ஏறியும் இறங்கியும் மீண்டும் ஏறியும் செல்வோரைக் காண்பீர்கள். அவர்களுள் சிலர் சாபா மாநிலத்துக் கினபாலு மலைக்குப் புறப்பட இருப்பவர்கள். சிலர் ஜோகூர் மாநிலத்து லேடாங் மலைக்கு. 1998ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் எவரெஸ்டு உச்சியில் கால்பதித்த முதல் சிங்கப்பூர்க் குழுவினரும் இக்குன்றில் ஏறி இறங்கிப் பயின்றவர்களே. மலையை நாடாதவர்களும் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றுக் கூடாரம் அடிப்போர் உண்டு. சாங்கி முனையில் படகேறிப் புலாவ் உபின் தீவுக்குச் சென்று ஓரிரவு தங்கி வரும் மாணவர் கூட்டமும் உண்டு. இவர்கள் அனைவரையும் புறப்படுமுன் ஒரு கேள்வி பற்றிக்கொள்கிறது: எதை எடுத்துச் செல்வது, எதை வாங்குவது?

இக்கேள்விக்கு விடை கூறும் நூல்களும் கையேடுகளும் ஏராளம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது எப்படி என்பதே அவர்களுடைய கவலை. நம் கவலையோ அதற்கு நேர்மாறானது. இங்கே பகலில் 31 முதல் 33 பாகை வரை வெப்பம். இரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறைக் கடக்கும். ஆண்டின் ஏறத்தாழப் பாதி நாள்களில் மழை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாயிருக்கும் நாட்டில் வியர்வை எளிதில் உலர்வதில்லை, வழிகிறது. ஆதலால் இந்நாட்டில் காட்டுவழி நடப்பவனை வீழ்த்தக்கூடியவை வெப்பமும் ஈரமும் இடியுமே. பனி அன்று.

இதை உணராதவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து, உபின் தீவுக்குக் குளிர்காப்பு உறக்கப்பை வாங்கிச் செல்வர். அதே மனிதர் கினபாலுவுக்குச் செல்லும்போது மெல்லிய சட்டையோடு போய் நடுங்குவர். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். கதிரவன் எழுவதைக் காண அதன் உச்சியில் நிற்பவர்க்கு நீர் உறையும் குளிர் அருகிலேயே இருக்கும். அங்கே கம்பளி உயிர் காக்கும். இங்கே அது வெறுஞ்சுமை. ஒரு பொருள் நல்லதா தீயதா என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், நாம் போகும் இடம் எது என்று நம்மையே கேட்டுக்கொள்வது முறை.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். பருத்தியைப் பழித்துப் பேச நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் உண்மை உண்மையே. பருத்தி இழை நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. நனைந்த பருத்திக் காற்சட்டையோடு இரண்டு மணி நேரம் நடந்தால் தொடையிடுக்குப் புண்ணாகும். நனைந்த பருத்திக் காலுறை கொப்புளம் தரும். பாலியெஸ்டர் இழை நீரைப் பெரும்பாலும் உள்ளே ஏற்காது. நனைந்தாலும் விரைவில் காயும். பள்ளி விளையாட்டு வகுப்பில் மாணவர் அணியும் சட்டை அவ்வகையினதே. அதைவிடச் சிறந்ததை இந்நாட்டு நடைக்குத் தேட வேண்டியதில்லை. பருத்திக்கும் ஓர் இடம் உண்டு. இரவில் உடுத்துப் படுக்க ஒரு கைலியை ஞெகிழிப் பையில் சுற்றிக் கட்டி, எது நேர்ந்தாலும் நனையாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுதும் நனைந்து கிடந்த உடலுக்கு அந்தக் காய்ந்த கைலி தரும் இன்பம் எழுத்தில் அடங்குவதன்று.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இவற்றில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் பள்ளியில் தமிழ் பயிலும் மாணவரை ஜூன் விடுமுறையில் உபின் தீவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வகுப்பறையில் வாய்திறவாத பிள்ளைகள் மரத்தடியில் தமிழ் பேசுவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். 2018ஆம் ஆண்டு முகாமுக்கு நாள் குறித்திருந்தபோது, பெற்றோரிடையே ஒரு பட்டியல் உலவத் தொடங்கிற்று. பயணப்பொருள் விற்கும் கடையொன்றின் விலைப்பட்டியல் அது. மலையேற்றக் காலணி, உறக்கப்பை, காற்றடைத்த மெத்தை, இருவர் கூடாரம், மடக்கு ஊன்றுகோல், எரிவாயு அடுப்பு என்று அது நீண்டு சென்றது. பள்ளி கேட்டது அன்று. யாரோ ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தோடு அனுப்பியது. ஆயினும் அச்சில் வந்த பட்டியலுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது.

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, அந்த வாரம் எனக்குக் கூடுதல் வகுப்பு இருக்கிறது. முகாமுக்கு வர இயலாது" என்றான். அவ்வாரத்தில் கூடுதல் வகுப்பு எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். ஒன்றும் கூறாமல் அனுப்பினேன். மறுநாள் அவனுடைய கட்டுரை ஏட்டைத் திருத்துகையில் கடைசிப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. பட்டியலில் கண்ட பொருள்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் எழுதி, எதிரே விலையிட்டுக் கூட்டியிருந்தான். 400 வெள்ளிக்கு மேல் வந்திருந்தது. அத்தோடு நில்லாமல் அத்தொகையை வேறோர் எண்ணால் வகுத்திருந்தான். அவ்வெண் யாதென்று சற்றுநேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. அவன் தாயார் சிராங்கூன் சாலையில் உணவகமொன்றில் பாத்திரம் துலக்குபவர். அது அவருடைய ஒருநாள் கூலி.

அன்று மாலை அந்த அம்மையாரைக் கண்டு பேசினேன். "அவனுக்குப் போகத்தான் ஆசை, சார். ஆனா சாமான் இல்லாமப் போனா மத்த பிள்ளைங்க சிரிப்பாங்கன்னு சொல்றான்" என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது. சனிக்கிழமை காலை அவனை என்னோடு அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் தேக்காவிலிருந்து நடந்தோம். கையில் அந்தப் பட்டியல். இதில் உள்ள ஒவ்வொன்றும் எதற்கு என்று அவன் கேட்க வேண்டும். நான் விடை கூற வேண்டும். விடை சரியில்லையெனில் அதை அடித்துவிட வேண்டும். இதுவே எங்கள் உடன்படிக்கை. ஊன்றுகோல் எதற்கு என்றான். செங்குத்தாக இறங்கும்போது முழங்காலைக் காக்க என்றேன். உபினில் அத்தகைய இறக்கம் உண்டா? அத்தீவின் உயர்ந்த குன்றே 75 மீட்டர். கோல் அடிபட்டது. உறக்கப்பை அடிபட்டது. காற்று மெத்தைக்கு மாற்றாக வீட்டில் உள்ள கோரைப்பாய் போதும் என்று அவனே கூறினான். அடுப்பும் வேண்டா, ஓரிரவுக்குக் கட்டுச்சோறு போதும்.

எவர்சில்வர்ப் பாத்திரக் கடையொன்றில் மூடி இறுகப் பொருந்தும் தூக்குச்சட்டி ஒன்றை வாங்கினோம். சையது ஆல்வி சாலையில் முஸ்தபா கடைக்குள் நுழைந்து, மாடிகளைச் சுற்றிச் சிறியதொரு தலைவிளக்கை எடுத்தோம். கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே என்றான். கையில் விளக்கைப் பிடித்திருப்பவன் ஒரு கையை இழந்தவன்; மேலும், உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியின் மின்கலத்தை வெளிச்சத்துக்குச் செலவிடுவது அறிவுடைமையாகாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. ஆண்டு முழுதும் ஏழு மணியளவில் கதிரவன் மறைகிறான். அரைமணிக்குள் மரநிழல் காரிருளாகிவிடும்.

தலைவிளக்கை அவன் நெற்றியில் பொருத்திப் பார்த்தபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. அவர் ஜோகூரில் இரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும். ஆதலால் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலே மரம் மரமாக நடப்பார். இடுப்பில் புகையும் கொசுவத்தி. ஒரு கையில் உளி, தோளில் வாளி. தூக்குச்சட்டியில் பழைய சோறு. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இன்றைய கையேடுகள் வெப்பமண்டலக் காட்டுக்கு வேண்டுமெனக் கூறும் பொருள்களை அவரிடம் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெயர்கள் மாறியிருக்கின்றனவேயன்றிப் பொருள்கள் மாறவில்லை. மலாயாவின் காடுகளையும் தோட்டங்களையும் ஒவ்வொரு நாளும் நடந்து அறிந்த தமிழர் பல்லாயிரவர். அவர்கள் எவரும் கையேடு எழுதவில்லை.

காலணியைப் பற்றிக் கூறும்போதும் தோட்டப்புறத்தை விட இயலாது. மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் அணியும் கறுப்பு இரப்பர்க் காலணி ஒன்று உண்டு. ஒரே வார்ப்பில் செய்யப்பட்டது; தையல் இல்லை, பசை இல்லை; அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. சில வெள்ளிதான் விலை. மக்கள் அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று விளையாட்டாகப் பெயரிட்டிருக்கிறார்கள். கிராமத்து அடிடாஸ் என்பது பொருள். கினபாலுவின் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் இதை அணிந்து, விலையுயர்ந்த காலணி அணிந்தவர்களைக் கடந்து செல்வதுண்டு. சேற்றில் இதன் பிடிப்புக்கு நிகர் சிலவே. ஆயினும் இதனை எல்லார்க்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாதத்துக்கு அடியில் மெத்தென்ற தாங்கல் இல்லாமையால், தார்ச்சாலையில் நெடுந்தொலைவு நடப்பவர்க்குக் குதிகால் நோகும். பழகிய கால்களுக்கு ஏற்ற காலணி அது.

விலையுயர்ந்த காலணிக்கும் இங்கே ஒரு பகை உண்டு. சக ஆசிரியர் ஒருவர் நல்ல மலையேற்றக் காலணி வாங்கி, இரண்டு முறை அணிந்து, பெட்டியிலிட்டுப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். ஒரு முகாமுக்கு அதை அணிந்து வந்தார். படகுத்துறையிலிருந்து அரைமணி நடந்ததும் ஒரு காலின் அடிப்பகுதி வாய் பிளந்தது. சிறிது தொலைவில் மறுகாலும் அவ்வாறே. அத்தகைய காலணிகளின் நடு அடுக்குப் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அப்பொருளின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. அணிந்தாலும் அறுக்கும்; அணியாமல் மூடி வைத்தால் நமக்குத் தெரியாமலே அறுக்கும். நம் போன்ற ஈரநாட்டில் இது விரைந்து நடக்கிறது. காலணியைப் பூட்டி வைத்துப் போற்றுவது அதைக் காக்கும் வழியன்று. அடிக்கடி அணிய வேண்டும்; புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தியும் வளைத்தும் பார்க்க வேண்டும். அன்று அந்த ஆசிரியரின் காலணியைக் கயிற்றால் கட்டித்தான் அழைத்து வந்தோம். என் மாணவனுக்குப் பள்ளிக்கு அணியும் வெள்ளைக் காலணியே போதுமென்று முடிவாயிற்று. அடிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தன. கால் அதற்குப் பழகியிருந்தது.

ஜாலான் புசாரைக் கடந்து சுங்கை சாலைக்கு வந்தோம். 1930களில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்த பழம்பொருள் சந்தை, முந்தைய ஆண்டு, 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறிய காலத்தில் அவர்கள் விட்டுச்சென்ற பைகளும் நீர்க்குப்பிகளும் போர்வைகளும் அங்கே தரையில் பரப்பி விற்கப்பட்டன. இளைஞனாக நான் வாங்கிய முதல் முதுகுப்பை அச்சந்தையில் வாங்கியதே. தடித்த கித்தான், மழையில் நனைந்தால் இருமடங்கு கனக்கும், ஆயினும் கிழியாது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து நான் நின்றேன். மாணவனுக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பீச் சாலையில் 1975ஆம் ஆண்டு கட்டப்பட்ட கோல்டன் மைல் உணவங்காடி நிலையம் இருக்கிறது. கீழே உணவுக் கடைகள். மேல்தளத்தில் படைவீரர்க்கான பொருள்கள் விற்கும் கடைகள். ஆதலின் அதை 'இராணுவச் சந்தை' என்பர். 1967இல் தேசிய சேவை கட்டாயமானபின், இந்நாட்டில் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்மகனும் இரண்டாண்டு முதுகில் சுமை ஏற்றியவனே. படையில் சேரும் பிள்ளைக்குக் காலுறையும் கயிறும் வாங்க அவ்விடத்துக்கு வராத குடும்பம் குறைவு. முதிய சீனர் ஒருவரின் கடையில் நின்றோம். மாணவன் அங்கிருந்த கறுப்புத் தோற்காலணியை ஆவலோடு தொட்டுப் பார்த்தான். முதியவர் தலையசைத்து, அதைப் பல நாள் அணிந்து பழக்காமல் நடந்தால் காலைக் கிழித்துவிடும் என்று மலாயில் கூறினார். விற்பனையாளர் ஒருவர் விற்காமல் தடுத்ததை நான் கண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

அவரிடம் இரண்டு பொருள் வாங்கினோம்: ஓரங்களில் துளையிட்ட நீர்புகாத் தரைவிரிப்பு ஒன்று, மெல்லிய நைலான் கயிறு 15 மீட்டர். இவ்விரண்டையும் இரு மரங்களுக்கிடையே கட்டினால் கூடாரம். படைவீரர் இதனைப் 'பாஷா' என்கிறார்கள். அசாமில் மூங்கிற்குடிலைக் குறிக்கும் சொல் அது. படைவீரரோடு கிழக்கு நோக்கி நடந்து நம் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கட்டும் முடிச்சை முதியவர் மும்முறை அவிழ்த்துக் கட்டிக் காட்டினார்.

பை ஒன்றுதான் எஞ்சியது. மற்றெல்லாவற்றிலும் சிக்கனம் செய்யலாம். பையிலும் காலணியிலும் செய்யலாகாது என்பது என் துணிபு. பள்ளிப்பையில் சுமை முழுவதும் தோள்மீது தொங்கும். நடைப்பயணத்துக்குரிய பையில் இடுப்புவார் உண்டு; அதை இடுப்பெலும்பின்மேல் இறுக்கினால் சுமையின் பெரும்பங்கு கால்களுக்கு இறங்கிவிடும். அத்தகைய பையை வாங்குவோர் அதன் கொள்ளளவை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதுகின் நீளம். குனிந்தால் பிடரியில் முட்டி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அவ்வளவுக்குப் பொருந்தும் பையையே தெரிந்தெடுக்க வேண்டும். நெடிய மனிதரும் குறுகிய முதுகினராய் இருப்பதுண்டு. சுமையின் அளவு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பெரியவர்க்குக் கூறப்படும் வரம்பு. வளரும் பிள்ளைகளுக்கு அதனினும் குறைவாக இருத்தல் நலம். அதில் தண்ணீரின் பங்கு பெரிது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். அதைக் குறைக்க மட்டும் ஒருவரும் எண்ணலாகாது. என் மகன் தேசிய சேவைக் காலத்தில் வாங்கிய பை வீட்டில் இருந்தது. வார்களைக் குறுக்கி மாணவனுக்குப் பொருத்திக் கொடுத்தேன். பட்டியல் முழுதும் அடிபட்டபின் அவனுக்கு ஆன செலவு 50 வெள்ளிக்குள் அடங்கிற்று.

சுமை கட்டும் கலையைப் பேசும் தமிழாசிரியன் மலைபடுகடாத்தை நினையாதிருக்க இயலாது. பத்துப்பாட்டுள் இறுதிப் பாட்டு, 583 அடிகள், நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அதை நாம் உவமைக்காகவும் இசைக்கருவிகளின் பெயர்களுக்காகவும் பாடம் சொல்கிறோம். உண்மையில் அது மலைவழிப் பயணியின் கையேடு. தொடக்கத்திலேயே கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டு, எடை ஒத்திருக்குமாறு சுருக்கிக் கட்டி, பலா மரத்தில் காய்க்கொத்துத் தொங்குவதுபோலச் சுமந்து வருகின்றனர். ஒருபுறம் கனத்தால் நடை கெடும் என்பதை அறிந்தவர் கட்டிய கட்டு அது. பின்னர்ப் புலவர் கூறும் எச்சரிக்கைகளைப் பாருங்கள்: பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், குழிகளில் பாம்பு மறைந்திருக்கும், தினைப்புனம் காப்போரின் கவண்கல் பாய்ந்து வரும், பாசி படிந்து வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்நூல் கூறும் நவிரமலையே இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை என்பர். சுமத்தலைக் குறிக்கும் 'காவுதல்' என்னும் சொல் இன்றும் யாழ்ப்பாணத் தமிழர் நாவில் வழங்குகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் நாம் காணும் காவடியிலும் அதுவே இருக்கிறது. அந்தக் காவடிக்காரர் வெறுங்காலோடு நடப்பது நோன்பு. உபினுக்கு அதைப் பின்பற்றலாகாது என்று ஆண்டுதோறும் ஒரு குறும்புக்கார மாணவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது.

முகாமுக்கு வருவோம். படகுக்குப் பன்னிருவராக அக்கரை சேர்ந்து, ஜெலுத்தோங் முகாமிடத்தில் மாலைக்குள் கூடாரங்களை எழுப்பினோம். என் மாணவன் தன் விரிப்பைக் கட்டியபோது இருவர் சிரிக்கத்தான் செய்தார்கள். அவன் காதில் விழாததுபோல் முடிச்சிட்டான். பின்னிரவில் மேற்கே மின்னத் தொடங்கிற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவில் பிறந்து மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் நம்மீது பாயும் சூறைக்காற்று அது. சுமத்ராக் காற்று என்றே பெயர். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். இடிக்கு எந்தக் கூடாரமும் காப்பன்று. தனிமரத்தின் அடி அதனினும் கொடிது. பிள்ளைகளை எழுப்பி எண்ணி, உறுதியான கூரையுள்ள இடத்துக்கு அழைத்துச் சென்றோம். அந்தச் சில நிமிடங்களில் தலையில் விளக்குள்ளவர் எல்லாரும் மற்றவர் கையைப் பிடித்து நடத்தினர்.

மழை ஓய்ந்து திரும்பியபோது கண்டதை உள்ளபடி கூறுகிறேன். விலை மலிந்த ஒற்றையடுக்குக் கூடாரங்களுள் மூன்று சரிந்து கிடந்தன. சரியாதவற்றின் உட்புறமும் மூச்சின் ஈரம் படிந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கூடாரங்களில் தரைவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தமையால் மழைநீர் அதில் விழுந்து உள்ளே ஓடிக் குளமாயிற்று. விரிப்பு எப்போதும் கூடாரத்தின் அடிக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும். மாணவி ஒருத்தியின் பெற்றோர் வாங்கித் தந்திருந்த, வலையால் ஆன உட்கூடும் நீர்புகா மேற்கூரையும் தனித்தனியே அமைந்த விலையுயர்ந்த கூடாரம் ஒரு சொட்டும் உள்விடாமல் நின்றது. அதன் விலைக்கு அது உழைத்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அன்றிரவு மாணவியர் நால்வர் அதில் நெருக்கிப் படுத்தனர். என் மாணவனின் விரிப்பில் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு பறந்திருந்தது, பாய் நனைந்துவிட்டது. ஞெகிழிப் பைக்குள் கைலி காய்ந்திருந்தது. அவன் விரிப்பைத் தாழ்வாக மீண்டும் கட்டினான். கூடாரம் சரிந்த இருவர் அதனடியில் அவனோடு ஒடுங்கினர். மாலையில் சிரித்தவர்கள் அவர்கள்தாமா என்பதை இருளில் நான் கவனிக்கவில்லை.

காலையில் அவன் தாயார் கொடுத்தனுப்பிய புளிச்சோறு திறக்கப்பட்டது. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து, இந்த வெப்பத்திலும் ஓரிரவைக் கடந்து அது கெடாமல் இருந்தது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் கொண்டுவந்தவர்கள் முதல் நாளே உண்டு முடித்திருந்தார்கள், அறிவாளிகள். தூக்குச்சட்டியைச் சுற்றிப் பத்துக் கைகள்.

திரும்பி வந்தபின் பொருள்களுக்குத் தமிழ்ப்பெயர் எழுதும் பயிற்சி ஒன்று கொடுத்தேன். முதுகுப்பை, தலைவிளக்கு, முளைக்குச்சி, தரைவிரிப்பு என்று எளிதாகவே வந்தன. தலையோடு போர்த்தும் மழைப்போர்வைக்கு மட்டும் ஒருவருக்கும் சொல் கிடைக்கவில்லை. மறுவாரம் அந்த மாணவன் எழுந்து, தஞ்சைப் பக்கத்தில் இருக்கும் தன் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டதாகக் கூறினான். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகித் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் நாற்று நடுவார்களாம். அதற்குக் கொங்காணி என்று பெயராம். கரும்பலகையில் அச்சொல்லை அவனே எழுதினான். நான் அதை அதற்குமுன் அகராதியில் மட்டுமே கண்டிருந்தேன்.

அந்த ஆண்டிலிருந்து எங்கள் தமிழறையில் ஓர் அலமாரி இருக்கிறது. முகாமுக்கு வரும் பிள்ளைகள் வேண்டியதை எடுத்துச் செல்லலாம்; கழுவிக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும். இடுப்புவார் கொண்ட பைகள், விரிப்புகள், விளக்குகள். பெற்றோர் சிலர் தம் வீட்டில் கிடந்தவற்றைக் கொடுத்தனர். அந்தக் கூடாரத்துக்கு உரிய மாணவியும் பள்ளி முடித்துச் செல்லுகையில் அதை அங்கேயே விட்டுச் சென்றாள். யார் எதை எடுத்தார் என்று குறிக்கும் ஏடு உண்டு. ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தேசிய சேவையை முடித்த அந்த மாணவன் ஒருநாள் பள்ளிக்கு வந்தான். பீச் சாலையில் வாங்கிய இரண்டு விரிப்புகளும் ஒரு விளக்கும் கையில் இருந்தன. அலமாரியைத் திறந்து அவற்றை வைத்தவன், உள்ளே சுருட்டிக் கிடந்த பழைய நைலான் கயிற்றை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தான். நடுவில் ஓரிடத்தில் இழை பிரிந்திருந்தது. "ஐயா, இதை இனிப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். நான் புதிது வாங்கி வருகிறேன்" என்று கூறி, அதைச் சுருட்டித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.